அடியில் ஒன்றுமில்லை

பீக்கரின் அடியில் ஒன்றுமே இல்லை.

குனிந்து பார்த்தாள். தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள்.

தெளிந்த தண்ணீர்.

நேற்று மாலை அதில் போட்டது நிலவேம்பிலிருந்து பிரித்தெடுத்த வெள்ளைத் தூள். சர்க்கரையைக் குறைக்கும் என்கிறார்கள். ஆனால் தண்ணீரில் கரையாது. கரையாததால் உடம்பிலும் சேராது. அதைக் கரைய வைத்தால் அவளுக்கு முனைவர் பட்டம்.

ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது ஒரு துணைப்பொருளைச் சேர்த்துக் கலக்கிவிட்டுப் போவாள். காலையில் வந்து பார்த்தால், தூள் அடியில் படிந்து சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.

"பிஎச்டிங்கிறா. தண்ணியில மாவு கலக்குறா" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வாள். தப்பென்றும் சொல்ல முடியாது.

இதுதான் கடைசி முறை. இதிலும் கரையாவிட்டால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று அவளுடைய ஆய்வு வழிகாட்டியான சார் சொல்லியிருந்தார்.

அந்தக் கடைசி முறையைத்தான் யாரோ கழுவிக் கொட்டிவிட்டு, தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"லூர்துமேரியக்கா! என் பீக்கரை ஏன் கழுவுனீங்க?"

துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றார் அக்கா.

"நான் எதுக்குத் தாயி கழுவப் போறேன்? உன் சாமானைத் தொட்டா நீ ஆடுற ஆட்டம் எனக்குத் தெரியாதா?"

அவள் நம்பவில்லை. இத்தனை வருடத்தில் அந்தத் தூளைப் பற்றி அவள் உறுதியாகக் கண்டுபிடித்திருந்தது ஒன்றே ஒன்று. அது கரையாது.

சார் வந்தார். சோதனையில் ஒரு விடை ஒரு முறை வந்தால் தற்செயல், மறுபடியும் வந்தால்தான் முடிவு என்பவர். அவள் முகத்தைப் பார்த்து, ஆறுதலாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்ததும் காலை மாத்திரை ஞாபகம் வந்தது. அவருக்கும் சர்க்கரை.

சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டார். கைக்கு எட்டிய அந்தப் பீக்கரை எடுத்தார்.

டீயையே பீக்கரில் குடிக்கிற கூட்டம். அவள் தடுக்கவில்லை. வெறும் தண்ணீர்தானே.

ஒரு மடக்கு.

சாரின் முகம் நாலாபக்கமும் கோணியது.

"என்னம்மா இது! இந்தக் கசப்பு கசக்குது!"

அவள் எழுந்துவிட்டாள்.

"கசக்குதா சார்?"

"நாக்கே செத்துப்போச்சும்மா!"

"நிஜமாவே கசக்குதா சார்?"

அடியில் தூங்கும் தூள் மேலே இருக்கும் தண்ணீரை இப்படிக் கசக்க வைக்காது.

சார் பீக்கரின் அடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான் கழுவலேன்னு இப்பவாவது நம்புறியா?" என்றார் லூர்துமேரியக்கா.

அவள் ஓடிப்போய் அக்காவைத் துடைப்பத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அந்தத் தோளுக்கு மேலாகத்தான் பார்த்தாள்.

சார் கண்களை இறுக மூடிக்கொண்டு, பீக்கரை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார்.