அக்காவின் நாற்பது நிமிஷம்

ஒரே ஒரு ஆபீஸாம். அதில் பத்து நாற்காலியாம். ஒன்பதில் வேலை நடந்ததாம், பத்தாவதில் வேலையைப் பற்றிய யோசனை நடந்ததாம்.

அந்தப் பத்தாவது நாற்காலிக்காரர்தான் டீம் லீடர். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'பைப்லைன்' என்று பெயர்.

ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருளை எழுதுகிற இடம் அது. அங்கே டெவாப்ஸ் என்று ஒரு முறை உண்டு. வேலையைச் சின்னச் சின்னதாக நறுக்கு, முடிந்ததை உடனே அனுப்பு, திரும்பத் திரும்ப வருவதை மெஷின் தலையில் கட்டு. அப்படி வரிசையாக ஓடுவதற்குப் பெயர்தான் பைப்லைன். அவ்வளவுதான்.

பைப்லைன் அதைத் தன் வாழ்க்கைக்கே எடுத்துக்கொண்டுவிட்டார். தண்ணீர் குடிக்கக்கூட ஒரு மணி அடிக்கும். குடித்துவிட்டுத்தான் மிச்ச வாக்கியம். மனைவிக்குப் போன் செய்வதும் சுவர்ப் பலகையில் ஒரு கார்டு. ஆறு மணிக்குள் ஏழு கார்டையாவது 'முடிந்தது' பக்கம் நகர்த்தாமல் வீட்டுக்குக் கிளம்பமாட்டார்.

"வந்து எட்டு மாசமாச்சு, என் வேலையில ஒரு தப்பு வந்ததுண்டா? எல்லாம் பழக்கம்" என்பார்.

டீமில் எல்லாரையும் இந்த வழிக்குக் கொண்டுவந்தாயிற்று, சீனியர் அக்காவைத் தவிர. அக்காவின் நேரக் குறிப்பில் தினமும் ஒரே வரி: 'காலை எட்டு முதல் எட்டு நாற்பது வரை சரிபார்ப்பு. கையால்.'

மெஷினுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை என்று நயமாகச் சொல்லிப் பார்த்தார். பார்க்கலாம் தம்பி என்று அக்கா சிரித்ததோடு சரி. மறுநாளும் அதே வரி.

"மூணு தடவைக்கு மேல ஒரு வேலையைக் கையால செஞ்சா, அது உழைப்பு இல்லக்கா, பிடிவாதம்" என்றார் ஒரு நாள், எல்லார் முன்னாலும். அதற்கும் சிரிப்புத்தான்.

கீழ் மாடியில் புகார் போன் எடுக்கும் பிரிவுக்கு மாற்றப் போவதாகச் சொன்ன அன்றுதான் அக்கா சிரிக்கவில்லை. "பதினாறு வருஷமா புரோகிராம் எழுதின கை தம்பி" என்றார்.

அளந்து பார்க்காமல் பைப்லைன் எதையும் செய்யமாட்டார். மாற்றல் கடிதத்தோடு ஆதாரம் வைக்க வேண்டுமே. யார் எந்த நிமிஷம் என்ன செய்தார் என்று கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் பதிவை அன்று சாயங்காலம் திறந்தார்.

எட்டு ஐந்து: ஒரே டோக்கன் இரண்டு நோயாளிக்கு. திருத்தியவர், அக்கா. எட்டு பதினேழு: குழந்தை டாக்டரின் திங்கட்கிழமையையே காணோம். திருத்தியவர், அக்கா. ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி திறப்பதற்குள் எல்லாம் சரியாகியிருந்தது. எட்டு மாதமும் இப்படியே.

பக்கத்துக் கட்டத்தில், தப்போடு ஏற்றியவர் பெயரும் நேரமும் இருந்தன. மாலை ஐந்து ஐம்பத்தைந்து. ஐந்து ஐம்பத்தெட்டு. பாதிக்கு மேல் ஒரே பெயர்.

பைப்லைனின் சொந்தப் பெயர்.

காது சூடாகிவிட்டது மனிதருக்கு. கடிதத்தை அழித்துவிட்டு எழுந்து போனார். மற்றவர்கள் கிளம்பியிருந்தார்கள். அக்கா மட்டும் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். மாற்றல் இல்லை, நீங்கள் இங்கேயேதான் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். அக்கா எடுத்த பொருளையெல்லாம் திரும்ப உள்ளே வைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். பைப்லைனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இருந்தாலும், அதை மெஷின்கிட்டயே விட்டிருக்கலாமேக்கா?"

"விட்டேனே தம்பி, நீங்க வந்த முதல் வாரமே. தப்பு என்ன, செஞ்சது யாருன்னு போட்டு நேரா எம்.டி.க்கே மெயில் எழுதிடுச்சு. அனுப்பறதுக்குள்ள நிறுத்திட்டேன். புதுசா வந்த பிள்ளைன்னு அதுக்கு எங்க தெரியுது?" என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார் அக்கா.