மூன்றாவது சமன்

"பத்துக்குப் பத்து போட்டேன்டா உனக்கு," என்றான் இன்பராஜ்.

"நான் மட்டும் கம்மியாவா போட்டேன்? முழுசாத்தான்..."

பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போட்டியில் இன்பராஜுக்கும் தயாளனுக்கும் வெற்றிகள் சமம். வீழ்த்திய பொம்மைகளும் சமம். இனி கோப்பை யாருக்கு என்பதை நன்னடத்தை மதிப்பெண்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவருக்கு ரகசியமாகச் சீட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

"இவன் சொக்கத் தங்கம்க்கா," என்றான் தயாளன்.

"எனக்குத் தம்பி மாதிரி," என்று இன்பராஜ் அவன் தோளில் கை போட்டான்.

நடுவர் பிலோமினா சீட்டுகளைப் பிரித்தாள். ஒன்றில் சைபர். மற்றதிலும் சைபர், அழுத்தி எழுதியதில் தாளே கிழிந்திருந்தது. இரண்டையும் நக நுனியால் அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, விரல்களை முந்தானையில் துடைத்தாள். பிறகு இன்னொரு விரலையும் துடைத்தாள். இன்பராஜின் கை இன்னும் அந்தத் தோளில்தான் இருந்தது.

இரண்டு வெற்றுச் சீட்டுகளையும் ஒரே ஒரு பேனாவையும் எடுத்து வைத்தாள்.

"மறுபடி எழுதுங்க. இந்தத் தடவை ஒருத்தர் பார்க்க ஒருத்தர்."