ஆணியில் தொங்கிய கையுறை

பழனியாண்டி, தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கதவை எட்டி உதைத்தபோது, ராக்காயி மருந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது. புருஷன் கையில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. என்ன ஏது என்று கேட்பதற்குள் அவள் கொண்டை அவன் பிடியில் இருந்தது.

"எங்கடி ஒளிச்சு வச்சிருக்க? எந்த மருந்தக் குடிச்சு எம் புள்ளைகளக் கலைக்கிற?"

மூன்று கரு. மூன்றும் மூன்றாம் மாசத்திலேயே போய்விட்டன.

கொழுந்து பறித்த காலத்தில் ஒரு குறையுமில்லாமல் ஒரு மகளைப் பெற்றவள்தான். ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த இந்த இரண்டு வருஷமாகத்தான் இந்தச் சாபக்கேடு. இப்போது நாலாவது வயிற்றில். இதையாவது காப்பாற்றிக் கொடு என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, உப்பில்லாமல் தின்று வருகிறாள். இன்று காலை சேலையில் ஒரு பொட்டு ரத்தம். அதை அவன் பார்த்துத் தொலைத்துவிட்டான்.

அவள் முகத்தை மேசையில் மோதினான். உதடு கிழிந்தது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு அலமாரிக் கண்ணாடியை நொறுக்கினான். இருமல் மருந்தும் பேதி மருந்தும் தரையெல்லாம் ஓடின. கடைசியாக, மேசையில் மிச்சத்தோடு இருந்த சின்னக் குப்பியைக் கத்திப்பிடியால் ஓங்கி அடித்தான்.

அது தோட்டத்துத் துரையின் பெண்சாதி துரைசாணியின் மருந்து. அவளுக்கு மார்பில் புற்று. மருந்து கொழும்பிலிருந்து ரயிலேறி வட்டகொடை ஸ்டேஷனுக்கு வரும். மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர் செல்லசாமி அதை இந்த மேசையில் வைத்துக் கரைத்து, ஊசியில் ஏற்றி, பங்களாவுக்குக் கொண்டுபோவார். அதற்கென்றே ஒரு சோடி ரப்பர் கையுறை ஆணியில் தொங்கும்.

"அந்தக் குப்பியத் தொட்டுறாத" என்று ஒரு தரம் சொன்னார். ஏனென்று சொல்லவில்லை.

கூலிக் கை பட்டால் துரைசாணி மருந்துக்குத் தீட்டாக்கும் என்று ராக்காயி நினைத்துக்கொண்டாள். அந்த ரோஷத்திலேயே, அவர் மேசையைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் போனதும் சிந்தியதை வெறுங்கையால் வழித்துத் துடைப்பாள். ஈரக் கையை முந்தானையில் தேய்த்துக்கொள்வாள். உள்ளங்கை உரிந்தபோது, தரை கழுவும் மருந்தின் வேலை என்று விட்டுவிட்டாள்.

சத்தம் கேட்டுச் செல்லசாமி பின்கட்டிலிருந்து ஓடிவந்தார். உடைந்த அலமாரியையும் பார்க்கவில்லை, அவள் வாயில் வழிந்த ரத்தத்தையும் பார்க்கவில்லை. பழனியாண்டியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தள்ளுடா! மேல பட்டா வெந்துபோயிரும். உடம்புக்குள்ள வளர்றத எல்லாம் கருக்கிப் போடுற மருந்துடா அது!"

பழனியாண்டி அரண்டுபோய்க் கத்தியைப் போட்டுவிட்டுக் கதவோரம் ஒதுங்கினான்.

மேசை விளிம்பிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"பாத்துக்கிட்டு நிக்கிறியே ராக்காயி, தொடை" என்றார் செல்லசாமி, தினமும் சொல்கிற அதே குரலில்.

ராக்காயி தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

நேரே ஆணிக்குப் போய்க் கையுறைகளை எடுத்து மாட்டினாள். விரல்நுனிகள் தொளதொளவென்று தொங்கின. அதன் பிறகுதான் துணியை எடுத்தாள். சிந்திக் கிடந்த மருந்தில் அதை நன்றாகத் தோய்த்தாள். பிழியவில்லை. அவரைப் பார்த்து நடந்தாள்.

செல்லசாமி ஓரடி பின்னால் போனார். இன்னும் ஓரடி. சுவர் முதுகில் முட்டியது.

"நான் வயித்துப் புள்ளக்காரின்னு தெரிஞ்சுதானே ஐயா இத்தன நாளும் இத வெறுங்கையால தொடைக்க விட்டீங்க?"

அவர் பார்வை அவள் கையிலிருந்த ஈரத் துணியை விட்டு நகரவில்லை.

கதவோரத்தில் பழனியாண்டி குனிந்து கத்தியை எடுத்தான். இந்தத் தடவை அவன் ராக்காயியைப் பார்க்கவில்லை.