கரடியின் பாட்டில்

டோக்கியோவின் நிச்சோமே சந்தில் இன்னும் விளக்கேற்றவில்லை. ஆண்களைக் காதலிக்கும் ஆண்களுக்கென்றே நடக்கும் தன் சின்ன மதுக்கடையில் தெட்சுரோ கிளாஸ் துடைக்கிறார். சாய்ந்த வெயிலோடு உள்ளே வந்த பெண், துக்கத்துக்கு உடுத்திய கறுப்புடையில், மேசைமேல் ஒரு புகைப்படத்தை வைக்கிறாள். “என் வீட்டுக்காரர். போன மாசம் தவறிட்டாரு. சட்டைப்பையில உங்க கடைத் தீப்பெட்டி இருந்துச்சு. இங்க வருவாருங்களா?” துடைக்கும் கை நிற்கிறது. படத்தில் இருப்பவன் நான்கு வெள்ளிக்கிழமையாக ஏன் வரவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. ஆனால் இந்தத் தெருவில் யாரும் நிஜப்பெயர் கேட்பதில்லை; வந்தவரைக் காட்டிக்கொடுப்பதுமில்லை. “பார்த்ததே இல்லைங்க.” அவள் பார்வை அவருக்குப் பின்னால் ஏறுகிறது. அலமாரியில், வாடிக்கைக்காரர்கள் காசு கொடுத்து வாங்கி, அடுத்த முறை வந்து குடிக்க மிச்சம் வைத்துப்போன பாட்டில்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் அவரவர் கைப்பட எழுதிய பட்டப்பெயர். ‘கரடி’ என்ற அட்டையில் அந்தப் பார்வை நின்றுவிடுகிறது. கடைசிக் கோட்டைக் கீழே நீள இழுத்த எழுத்து. பதினெட்டு வருஷம் வீட்டு நாட்காட்டியில் பார்த்த கையெழுத்து, அவளுக்கா தெரியாது? அந்தப் பாட்டிலுக்கு நேராக இடுப்பு வளையக் குனிகிறாள். “இத்தனை நாளா அவரைப் பார்த்துக்கிட்டீங்க. ரொம்ப நன்றிங்க.” “எனக்குத் தெரியாதுங்க,” என்கிறார் தெட்சுரோ மறுபடியும். சொல்லிக்கொண்டே அவளைவிடத் தாழக் குனிகிறார். கதவு மூடும் சத்தம் கேட்ட பிறகும் நிமிரவில்லை.