நாலில் ஒன்று

பின்வாசலில் ஜீப் தயாராக இருப்பதாகச் சொன்னார் அதிகாரி கோதண்டபாணி. கலெக்டர் அலுவலகத்தின் முன்கேட்டைப் பூட்டியாகிவிட்டது. வெளியே கடற்கரைக் குப்பத்து ஜனங்கள், கணக்குப் போட்ட பெண்ணை வெளியே அனுப்பச் சொல்லிக் காலையிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வடிவு நாற்காலியை விட்டு அசையவில்லை.

புள்ளியியல் படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் அவள். பழைய புயல்களின் காற்று வேகத்தையும் கடல் ஏறிய உயரத்தையும் திரட்டி, சென்னைக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு வந்திருந்தாள். போன வாரம் புயல் கிளம்பியதும், பனையங்குப்பத்துக்குள் கடல் புக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்று சொன்னாள். அதை நம்பி ஊரையே லாரிகளில் ஏற்றி வந்து காஞ்சிபுரத்துச் சத்திரங்களில் தங்கவைத்தார்கள்.

புயல் ஆந்திரப் பக்கம் திரும்பிவிட்டது. கடல் ஒரு முழம்கூட ஏறவில்லை. தறி நெய்கிறவர்கள்கூட அவளைச் சொல்லிச் சிரித்தார்கள்.

கணக்கு தவறு என்று அவள் ஒப்புக்கொண்டால் போதும், கூட்டத்திடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாகக் கோதண்டபாணி சொன்னார். இல்லாவிட்டால் அவள் வேலையைக் காப்பாற்ற முடியாது என்றார்.

“கணக்கு தப்பில்ல சார். நாலுல ஒண்ணுன்னுதான் சொன்னேன். கடல் வராம போறதுக்கு மூணு பங்கு இருந்துச்சு, அது நடந்துச்சு. நாளைக்கே இன்னொரு புயல் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்.”

எழுந்து முன்கேட்டுக்கு நடந்தாள். கேட்டைத் திறக்கச் சொன்னாள்.

கூட்டம் சட்டென்று அடங்கியது. சத்திரங்களுக்குத் தினமும் போய் வந்ததில் பனையங்குப்பத்து ஆட்கள் அவளுக்குப் பழக்கம். ஊர்த்தலைவர் அப்பாதுரையைத் தேடினாள், காணோம். தெரிந்த முகம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கோபம் வந்தால் முகம்கூட மாறிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“நான் மன்னிப்பு கேக்க வரல,” என்றாள். “ஒரு ஊரு ஜனத்தோட உசுரு அது. நாலுல ஒண்ணு எனக்குச் சின்னக் கணக்கு இல்ல. திட்டணும்னா திட்டிட்டுப் போங்க.”

யாரும் திட்டவில்லை. முன்னால் நின்றிருந்த நடுவயதுக்காரி ஒருத்தி, இடுப்புக் குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு நெருங்கி வந்தாள்.

“ராவெல்லாம் புள்ளைங்கள கட்டிப் புடிச்சிக்கினு கடலையே பாத்துக்கினு கெடந்தோம்மா,” என்றாள்.

வடிவுக்குப் புரியவில்லை. ஊரில் ஒருவரையும் விடாமல் சத்திரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோமே என்றாள்.

“அது பனையங்குப்பம். நாங்க அடுத்த குப்பம். எங்கள ஏம்மா கணக்குல சேக்கல?”