சர்வேயர் வீட்டுத் தண்ணீர்

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஓய்வுபெற்ற சர்வேயர், அவருடைய மகன், மருமகள், தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவியைப் பொருத்த வந்த மெக்கானிக், தன் வீட்டுக்கும் இப்படி ஒன்று வாங்கலாமா என்று வேடிக்கை பார்க்க வந்த பின்வீட்டு அம்மாள். ஆறாவதாக இருந்திருக்க வேண்டியவர் சர்வேயரின் மனைவி. அவர் தவறி இரண்டு வருடமாகிறது.

"மெயின் வால்வு எங்கே சார்? அதை மூடினாத்தான் குழாயை அறுக்க முடியும்" என்றான் மெக்கானிக்.

"அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்றதா இல்லை" என்றார் சர்வேயர்.

"அப்பா! நேத்து சரின்னு தலையாட்டினீங்களே?" என்றான் மகன்.

"தலையாட்டலை. கழுத்துல சுளுக்கு."

கருவியின் ஆளுயர நீல உருளைகள் இரண்டும் கூடத்தில் காத்து நின்றன. அவற்றைப் பார்க்கப் பார்க்கச் சர்வேயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே தண்ணீரே வராது என்று தெருவே சிரித்தபோது, தாமே இடம் குறித்து, தாமே வெயிலில் நின்று போட்ட ஆழ்துளைக் கிணறு அது. எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. பார்த்த வேலையைவிட, கட்டிய வீட்டைவிட, அந்தக் கிணறே தம் வாழ்நாள் சாதனை என்பது அவர் எண்ணம். அதன் குழாயை இன்று அறுக்க வந்திருக்கிறார்கள். எதற்கு? மருமகளின் கூந்தலுக்கு!

"ஏன்யா, முடி கொட்டினா எண்ணெயை மாத்துவாங்க. தண்ணியையா மாத்துவாங்க?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

மருமகள் தலையைக் குனிந்தபடி சிரித்தாள். "எனக்குக் கொஞ்சம் அழகுப் பைத்தியம் மாமா."

மெக்கானிக் வாதாடவில்லை. சிறு குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, சோப்புக் கரைசலைச் சில சொட்டு விட்டுக் குலுக்கினான். நுரை எழவில்லை. பால் திரிந்தாற்போல் வெள்ளைத் திப்பிகள்தாம் மிதந்தன.

"பாருங்க சார், அத்தனையும் சுண்ணாம்பு. தண்ணி வீட்டுக்குள்ள நுழையற இடத்துலேயே இதை மாட்டிட்டா, எல்லாக் குழாயிலயும் நல்ல தண்ணி வரும். இப்ப இருக்கிற தண்ணியில பருப்பு வேகாது. டீ போட்டா மேல ஆடை மிதக்கும்."

"வேகாதா? என் வீட்டுக்காரி இத்தனை வருஷம் இதே தண்ணியிலதான் சமைச்சா. பருப்பு பூவா மலரும். அவ போடுற டீ கண்ணாடி மாதிரி இருக்கும்யா. கோப்பையோட அடியில வரைஞ்சிருக்கிற பூ மேலேருந்து பார்த்தாலே தெரியும். அதைக் குடிக்கன்னே அடுத்த தெருவிலேருந்து வருவாங்க."

சற்று நேரம் அவர் அந்தக் கோப்பைக்குள்ளேயே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"தண்ணி அதேதான். கைதான் மாறிப்போச்சு."

அது யாருக்கு என்பது கூடத்தில் எல்லோருக்கும் விளங்கியது. இரண்டு வருடமாக மருமகள் காலையில் நீட்டும் டீயை வாங்கிக்கொண்டு அவர் சொல்வது அதுவே.

பின்வீட்டு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, நான் ஒண்ணு சொல்லட்டுமா..."

"ஆன்ட்டி, உள்ளே வாங்களேன். அடுப்புல என்னமோ வச்ச மாதிரி இருக்கு" என்று மருமகள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"அடுப்பு எங்கேயும் ஓடிப்போகாது. நீ சும்மா இரு. அண்ணா, அண்ணி டீ போட்டது, பருப்பு வேகவச்சது எதுவுமே உங்க கிணத்துத் தண்ணியில இல்லை. எங்க வீட்டு மழைத் தொட்டித் தண்ணியில. விடியறதுக்குள்ள குடத்தோட வந்துடுவாங்க. 'கிணறு போட்ட மனுஷன் கண்ணுல படாம போகணும்'னு சிரிச்சுக்கிட்டே தூக்கிட்டுப் போவாங்க."

சர்வேயருக்கு அரைத் தூக்கத்தில் கேட்ட பின்கதவின் ஓசை நினைவுக்கு வந்தது. எங்கே போனாய் என்றால், காலாற நடந்தேன் என்பாள். இடுப்பருகே துணி நனைந்திருக்கும். பனி என்பாள். ஊர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்தவர் அதை நம்பினார்.

அவமானம் கோபமாக மாற அதிக நேரமாகவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார்.

"இதுக்குத்தான் ஆள் கூட்டி வச்சியா? நாலு பேர் முன்னாடி என் கிணத்தையும், போய்ச் சேர்ந்தவளையும் சந்தி சிரிக்க வைக்கணும். அதானே?"

மருமகள் பின்வீட்டு அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க!" என்றாள் பின்வீட்டு அம்மாள். "அண்ணி தவறின கையோட எங்க வீட்டை இடிச்சுக் கட்டினப்ப தொட்டி போயிடுச்சு. அடுத்த மாசம், அத்தை டீ மாதிரி ஏன் வர மாட்டேங்குதுன்னு இவ என்கிட்ட வந்து நின்னா. உள்ளதைச் சொன்னேன். என்ன சொன்னா தெரியுமா? 'மாமாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. அத்தை இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சதை நான் வந்து போட்டு உடைக்கவா? என் கை சரியில்லைன்னே இருந்துட்டுப் போகட்டும்'னா."

மகன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தான். "அப்போ முடி கொட்டுதுன்னு சொன்னது?"

"கட்டின பொண்டாட்டியை எப்பவாவது நிமிர்ந்து பார்த்தாத்தானே? பின்னல் இடுப்புக்குக் கீழ தொங்குது. மாமனாருக்கு அந்தப் பழைய டீயைத் திரும்பக் கொடுக்கணும். கிணத்தைக் குறை சொல்லவும் கூடாது. வேற எந்தக் காரணத்தைச் சொல்லுவா அவ?" என்றாள் பின்வீட்டு அம்மாள்.

மெக்கானிக் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்வேயர் எழுந்து வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வால்வை மூட வெளியே நடந்தார்.