இரண்டாவது பூட்டு

"உங்க நம்பரையே போடட்டுமா, மாமா?"

மருமகள் மடிக்கணினியைப் பெரியவர் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

அவர் முதுகு நாற்காலியில் சாயவில்லை. என்றைக்குமே சாய்ந்ததில்லை.

"போடு," என்றார்.

அவளுடைய எண்ணைப் போட வழியில்லை. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அன்று, அவள் கைப்பேசியைச் சுவரில் அடித்து உடைத்த கணவன், சிம்மை மட்டும் மறக்காமல் கழற்றிக்கொண்டு போயிருந்தான்.

கைப்பேசிதான் உடைந்தது. அதில் எடுத்த படங்கள் அப்போதைக்கப்போதே அவளுடைய இந்த இணையக் கணக்கில் வந்து சேர்ந்திருந்தன. வீங்கிய கன்னம். கிழிந்த உதடு. கழுத்து. நாளைக் காலையில் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வக்கீல்.

நேற்று திறந்து பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. அழித்தவை கொஞ்ச நாள் தங்கியிருக்கும் குப்பைத் தொட்டியிலிருந்து இன்று மதியம்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மீட்டாள். இன்னொரு முறை அவன் உள்ளே நுழைந்தால் தொட்டியையும் துடைத்துவிட்டுத்தான் போவான்.

நுழைவது பெரிய வித்தையுமில்லை.

இந்த வீட்டில் எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல்: பெரியவருடைய அப்பாவின் பெயர். மின்கட்டணம் கட்டுவதிலிருந்து சினிமா டிக்கெட் எடுப்பதுவரை அதுதான். ஒளிக்க ஒன்றுமில்லாத குடும்பம் என்று அவரே போட்ட சட்டம். கல்யாணமாகி வந்த வாரமே மருமகளையும் மாற்ற வைத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்ததில், சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.

"முதல்ல அந்த பாஸ்வேர்டை மாத்திடலாம், மாமா."

"எங்கப்பா பேரை எதுக்கு மாத்தணும்? அவர் என்ன தப்பு பண்ணார்?"

"இல்ல மாமா, அவருக்குத் தெரியுமே..."

"தெரியட்டும். வாசல்வரைக்கும் வரட்டும். உள்ளே விடறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்."

கடவுச்சொல் தெரிந்தாலும், கைப்பேசிக்கு வரும் எண்ணையும் சொன்னால்தான் கணக்கு திறக்கும் என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தினார். வங்கியில் பெட்டக அறையின் இரண்டு சாவிகளில் ஒன்றை இடுப்பில் சுமந்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர்.

"ரெண்டு சாவி கதையை எனக்கே சொல்றியா?"

மேசைமேல் அவருடைய கைப்பேசி சிணுங்கியது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தீர்ப்பு வாசிப்பதுபோல ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். அவள் தட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி வந்தது.

மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றவா என்று திரை கேட்டது.

"கேக்க வேற செய்யுதா? பிடிச்சு வெளியே தள்ளு."

அவள் சிரித்துவிட்டாள். உதட்டுக் காயம் சுரீரென்றது. கையால் பொத்திக்கொண்டாள்.

பொத்திய கையை எடுப்பதற்குள் கைப்பேசி மறுபடி சிணுங்கியது. இவர்கள் எதையும் தொடவில்லை. ஆனால் புது எண் ஒன்று வந்திருந்தது.

அவள் முகம் வெளுத்தது.

அடுத்து மணி அடித்தது. திரையில் 'வாரிசு' என்ற பெயர் மின்னியது. மகனுடைய எண்ணை அப்படித்தான் பதிந்து வைத்திருந்தார். அவளும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார்.

"அப்பா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். சட்டுனு சொல்லுங்க."

"வந்திருக்கு."

"அவ பேச்சைக் கேக்காதீங்கப்பா. வீட்டு விஷயம் வக்கீல் மேசைக்குப் போகலாமா? நம்ம குடும்ப மானம் என்ன ஆகும்? நீங்கதானே சொல்வீங்க?"

ஒவ்வொரு சொல்லும் அவருடையது. குரல் மட்டும்தான் மகனுடையது.

மருமகள் அவரைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவர் வாயைத் திறந்து அந்த எண்ணைச் சொன்னால், அவளால் என்ன செய்துவிட முடியும்?

"மானத்தைக் காப்பாத்தத்தான்டா நம்பர் என்கிட்ட இருக்கு," என்றார். "எத்தனை தடவை வேணா தட்டு. திறக்க மாட்டேன்."

அவன் கத்தத் தொடங்கினான். துண்டித்தார்.

கைப்பேசி மீண்டும் சிணுங்கியது. சற்றுப் பொறுத்து, மீண்டும். வாசலில் யாரோ கதவை இடிப்பதைக் கேட்டுக்கொண்டே காப்பி குடிப்பவர் மாதிரி அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அது ஓய்ந்தது.

"நாளைக்கு எல்லாரும் உங்களைத்தான் பேசுவாங்க, மாமா. பெத்த பிள்ளையையே மாட்டி விட்டார்னு."

"பேசட்டும். நிமிர்ந்து நின்னு கேட்டுக்கறேன்."

அவள் மடிக்கணினியை மூடப் போனாள்.

"மூடாதே. இன்னும் ஒரு படம் போடணும்."

தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினார். பிறகு வலது சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றினார். துணியை ஒவ்வொரு மடிப்பாக, அவசரமில்லாமல், முழங்கைவரை ஏற்றினார்.

படியில் தடுக்கி விழுந்ததாக எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவளிடமும்.

"வெளிச்சம் நல்லா இருக்கறப்பவே எடும்மா."

மணிக்கட்டுக்கு மேலே, நீலமாகக் கன்றிய இடம் ஓரங்களில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நான்கு விரல்கள். மறுபக்கம் கட்டைவிரல்.

அவளுக்கு அந்தக் கையை அடையாளம் தெரிந்தது.